தாத்தா பெயரில் இருந்த வீடும் அப்பா எழுதிய உயிலும்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மனை அரை கிரவுண்டுக்கும் குறைவு. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிச் சேர்த்த பணத்தில் தாத்தா அதை 1968-இல் கிரயம் வாங்கினார். அப்பாவும் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதைக் கடந்து, இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு, "நான் இருக்கும்போதே வீட்ட அண்ணன் பேருக்கு எழுதிட்றேன், அம்மாவ அவன் பாத்துப்பான்" என்று சொல்லத் தொடங்கினார். அண்ணனுக்கும் எனக்கும் இதில் சண்டை ஏதுமில்லை. ஆனாலும் எதையும் எழுதுமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடலாம் என்று நான் வற்புறுத்தியதால், மிண்ட் அருகில் இருந்த ஒரு வழக்கறிஞரிடம் 2023 இறுதியில் அப்பாவை அழைத்துச் சென்றேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியே பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். தாய்ப்பத்திரம், சொத்து வரி, மின் இணைப்பு எல்லாம் தாத்தா பெயரில்தான் இருந்தன. தாத்தா 1994-இலும், பாட்டி 2003-இலும் உயில் எழுதாமலேயே இறந்துவிட்டார்கள். இத்தனை வருடங்களாக வரி கட்டி, மேல்தளமும் போட்டு, வாழ்ந்து வந்தவர் அப்பா என்பதால் வீடு அவருடையது என்றே நாங்கள் அனைவரும் நினைத்திருந்தோம். சட்டப்படி அவருக்கு உரியது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மற்ற இரண்டு பங்குகள் அத்தைகள் இருவருக்கும் உரியவை. தனக்கு இல்லாத பங்கை உயிலாகவோ தானமாகவோ யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆக, அப்பாவின் காரியத்தைத் தொடங்குவதற்கு முன் தாத்தாவின் காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு தவறான எண்ணம் எங்கள் பகுதியில் பலமாக வேரூன்றியிருக்கிறது. 1989-க்கு முன் திருமணமான பெண்களுக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று பத்திரம் எழுதுபவர் ஒருவரே எங்களிடம் சொன்னார். அந்த ஆண்டு தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. தாத்தா தன் உழைப்பில் வாங்கிய சொத்துக்கு அது பொருந்தாது. உயில் இல்லாதபோது மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அத்தைகள் எப்போது மணமானார்கள் என்பதற்கும் அவர்களுடைய பங்குக்கும் தொடர்பே இல்லை. "அதான் சீர் செஞ்சாச்சே" என்று உறவினர் சிலர் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் வைப்புநிதியிலிருந்து ஒரு தொகையைத் தங்கைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான், அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை வாங்கினார். சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான் என்றாலும், பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கேட்பதற்கும், இல்லையென்று சாதித்துக் கையெழுத்து வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தாத்தா, பாட்டி இருவரின் இறப்புச் சான்றிதழ்களும் மாநகராட்சிப் பதிவில் கிடைத்தன. அவற்றை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் அதை வழங்கினார். சொத்தின் மீதான பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்தபோது அது 1975-க்கு முன் போகவில்லை. தாத்தாவின் கிரயம் அதற்கும் முந்தையது என்பதால், பழைய பதிவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடி எடுத்தோம். குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பை முறையே 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்த்திவிட்டிருந்தார்கள்.

பதிவு நாளில் பெரிய அத்தையின் கட்டைவிரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. காசிமேட்டில் நாற்பது வருடங்களுக்கு மேல் மீன் விற்றவர் அவர். "ஐஸ்லயும் உப்புலயும் கைய வெச்சே ரேகை பூட்ச்சு கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முந்தானையில் விரலை மறுபடியும் மறுபடியும் துடைத்து வைத்துப் பார்த்தார். வேறு விரல்களையும் வைத்துப் பார்த்த பிறகு, இடது கை நடுவிரலில்தான் ஒருவழியாகப் பதிந்தது. வயதானவர்களைப் பதிவுக்கு அழைத்துச் செல்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. நடமாட முடியாதவராக இருந்தால், தக்க காரணம் காட்டிப் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

வீடு முழுமையாக அப்பாவுக்கு உரியதான பிறகு, தான செட்டில்மென்டா உயிலா என்ற கேள்வி மீண்டும் வந்தது. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டால் உரிமை அப்போதே கைமாறிவிடும். மனம் மாறினால் அப்பா தன்னிச்சையாக அதை ரத்து செய்ய இயலாது. பராமரிப்பதாக நிபந்தனை எழுதியிருந்து அது மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் பெற்ற பிள்ளைமீது மனு கொடுக்க எத்தனை பெற்றோருக்கு மனம் வரும்? உயிலோ எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. உயில் உண்மையானது என்று நீதிமன்றத்தில் உறுதிசெய்து வாங்கும் புரோபேட் என்ற வேலை பிள்ளைகளுக்கு வரும் என்பது உயிலில் இருந்த ஒரே சங்கடம். அப்போதிருந்த சட்டப்படி சென்னை நகருக்குள் உள்ள சொத்துக்கு இந்துக்கள் எழுதும் உயிலுக்கு அது அவசியமாக இருந்தது. அந்தச் செலவையும் அலைச்சலையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று அண்ணனும் நானும் சொன்ன பிறகுதான் அப்பா உயிலுக்குச் சம்மதித்தார்.

அம்மாவுக்கு என்ன எழுதுவது என்பதில்தான் நீண்ட நேரம் பேசினோம். ஆயுள்காலம் முழுவதும் குடியிருக்கும் உரிமையை அம்மாவுக்கும், அதன்பின் வீட்டை எங்கள் இருவருக்கும் எழுதலாம் என்பது வழக்கமான முறை. அது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய மருத்துவச் செலவு வந்து வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நேர்ந்தால், அந்த வயதில் அம்மா பிள்ளைகளின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அம்மா, "குடியிருக்கிறதுக்கு எதுக்கு உரிமை எழுதணும், நாப்பது வருஷமா இங்கதான இருக்கேன்" என்றார். அப்பா சிரித்துவிட்டு, முழு உரிமையையும் அம்மாவுக்கே எழுதச் சொன்னார். அம்மா முந்திக்கொண்டால் யாருக்கு என்பதையும் அடுத்த வரியிலேயே சேர்த்தோம்; இதை விட்டுவிட்ட உயில்கள் ஏராளம் என்று வழக்கறிஞர் சொன்னார்.

சாட்சிகளாக எங்கள் தெரு மருத்துவரும், அப்பாவுடன் வேலை பார்த்த, அவரைவிட வயது குறைந்த ஒரு நண்பரும் கையெழுத்திட்டார்கள். உயிலால் பலன் பெறுபவர்களைச் சாட்சியாகப் போட வேண்டாம் என்பதால் அண்ணனும் நானும் அறைக்கு வெளியிலேயே இருந்தோம். கட்டாயமில்லை என்றாலும் 2024-இல் அதைப் பதிவும் செய்துவிட்டோம்.

வங்கி வேலை சுலபமாக முடிந்தது. ஓய்வூதியக் கணக்கில் நாமினியாக இருந்தவர், இறந்து இருபது வருடங்களான பாட்டி! அதை அம்மா பெயருக்கு மாற்றினோம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவரே தவிர உரிமையாளர் அல்லர் என்பதால், வைப்புநிதிகளையும் உயிலில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

அம்மாவும் தன் நகைகளுக்கு ஓர் உயில் எழுத வேண்டும் என்கிறார். எந்த வளையல் யாருக்கு என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருப்பதால் அது இன்னும் பென்சில் எழுத்திலேயே இருக்கிறது. சொத்து வரி அப்பா பெயருக்கு மாறிவிட்டது. அந்த ரசீதை இணைத்து மின் இணைப்புக்கும் குடிநீர் வரிக்கும் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.