லாங் கேஸாக வந்த ரிவிஷன் ஏ.சி.எல்.

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு) பிராக்டிகலில் எனக்கு லாங் கேஸாக (நோயாளியை முழுதாகப் பரிசோதித்து எக்ஸாமினரிடம் விளக்க வேண்டிய கேஸ்) விழுந்தது ஒரு கபடி வீரரின் வலது முழங்கால். இரண்டு வருடம் முன்பே ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கத் தசைநார்) ஆபரேஷன் ஆகிவிட்டது, "திரும்பவும் கால் நழுவுது டாக்டர்" என்கிறார். அந்தத் தசைநார் அறுந்ததைக் காட்டும் லாக்மன், பிவட் ஷிஃப்ட் பரிசோதனைகள் இரண்டும் பாசிட்டிவ். நல்ல கேஸ் என்ற குஷியில், "ரிவிஷன் பண்ணலாம் சார், பட்டெல்லார் டெண்டன் கிராஃப்ட்" என்று ஒப்பித்தேன்: அதாவது மறுபடி ஆபரேஷன் செய்து, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலிருந்து எடுத்துப் புது ஏ.சி.எல்.லாக வைப்பது.

"அது இருக்கட்டும்ப்பா. முதல்ல பண்ணது ஏன் ஃபெயில் ஆச்சு? அப்போ என்ன கிராஃப்ட் எடுத்தாங்க?" என்றார் எக்ஸாமினர்.

இரண்டாவதுக்குப் பதில் நோயாளியின் காலிலேயே இருந்தது. மூட்டுக்குக் கீழே, உட்புறம், சாய்வாக ஒரு சின்னத் தழும்பு: ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்புறத் தசைநாண்) எடுத்த இடம். நான் கேஸ் ஷீட்டில் 'தழும்பு உள்ளது' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

உங்களுக்கும் இப்படிக் கேஸ் வந்தால், முதல் கேள்விக்கு லேட்டரல் (பக்கவாட்டு) எக்ஸ்ரேயைக் கையில் எடுங்கள். தொடை எலும்பு டன்னல் (கிராஃப்ட்டை நுழைக்கத் துளைத்த துளை) முன்னால் தள்ளிப் போயிருப்பதுதான் அடிக்கடி காணும் டெக்னிக்கல் தவறு. அதே படத்தில் டிபியல் ஸ்லோப்பையும் (கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரியும் கோணம்) அளந்துவிடுங்கள். 12 டிகிரிக்கு மேல் என்றால் ஆஸ்டியாடமி (எலும்பை வெட்டி அந்தச் சரிவைக் குறைப்பது) பற்றிப் பேசியாக வேண்டும். புதிதாக அடிபட்டதா, கிராஃப்ட் எலும்போடு சேரவே இல்லையா, இன்ஃபெக்‌ஷனா என்பதெல்லாம் ஹிஸ்டரியிலும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையிலும் வரும்.

ஒரே ஆபரேஷனா, இரண்டா? இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பழைய டன்னல் சரியான இடத்தில், விரியாமல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். முற்றிலும் தப்பான இடத்தில் இருந்தாலும் கவலையில்லை, அதைத் தொடாமல் புதிதாகத் துளைக்கலாம். தலைவலி பாதி தப்பானதுதான்: புதுத் துளை பழையதில் போய் விழும். அப்படியானாலோ, சி.டி.யில் டன்னல் 14, 15 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, முதலில் எலும்பு கிராஃப்ட் வைத்து அடைத்து, நாலு முதல் ஆறு மாதம் கழித்து அடுத்த ஆபரேஷன்.

கிராஃப்ட்டுக்கு, நோயாளியின் சொந்தத் திசுவே மேல் என்று சொல்லுங்கள். 1,200 ரிவிஷன் நோயாளிகளைத் தொடர்ந்த அமெரிக்க மார்ஸ் ஆய்வில், சொந்தத் திசு வைத்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு, அல்லோகிராஃப்ட்டைவிட (இறந்தவர் தானமளித்த திசு) 2.78 மடங்கு குறைவு. பிவட் ஷிஃப்ட் பலமாக இருந்தால் வெளிப்பக்க டீனோடெசிஸும் (முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு திசுப்பட்டையைப் பொருத்திக் கால் திருகாமல் தடுப்பது) சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

எழுந்திருக்கும்போது, "போஸ்டிரோலேட்டரல் கார்னர் பார்த்தியா?" என்றார் எக்ஸாமினர். முழங்காலின் அந்தப் பின்-வெளி மூலைத் தசைநார்களைச் சோதிக்கும் டயல் டெஸ்ட் செய்து, நார்மல் என்று எழுதியும் வைத்திருந்தேன். பாஸானது அதனால்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.