மே மாதச் சாப்பாடும் கிசுமு போகிற மருமகளும்

போன கிழமை இரவு லண்டனிலிருந்து அக்காவின் மகள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஆறு கிழமை கென்யாவுக்குப் போகப்போகிறாளாம், கிசுமு என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் தொண்டு வேலை. கூடப் படிக்கிற எட்டுப் பேர் சேர்ந்து கேக் விற்று, கார் கழுவி, ஓட்டப்போட்டி ஓடிக் காசு சேர்த்திருக்கிறார்கள். "மாமா, நீங்கள் ஒரு இல்லத்தில வேலை செய்தனீங்கள்தானே, எனக்கு ஏதும் சொல்லுங்கோ" என்றாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, ஒரு பக்கம் வயிற்றைக் கலக்கவும் செய்தது. "சாப்பிட்டியா பிள்ளை, நாளைக்கு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு நித்திரை வரவில்லை.

2011இலிருந்து நாலு வருடம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், இப்போதும் நடக்கிறது. கணக்கு எழுத என்றுதான் சேர்த்தார்கள். ஆனால் இல்லத்தில் கணக்கு எழுதுகிறவன் கணக்கு மட்டும் எழுதுவதில்லை. தண்ணி மோட்டர் பழுதானால் அவன்தான், பின்னேரம் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பதும் அவன்தான், காய்ச்சல் வந்த பிள்ளையைச் சைக்கிளில் ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போவதும் அவன்தான்.

முதல் வருடம் மே மாதம் வந்தபோதுதான் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, திவசம் என்றால் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது. நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வன்னியில் போர் முடிந்த 2009 வைகாசியில் எத்தனை வீட்டில் ஆட்கள் போனார்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆகவே மே வந்தால் தொலைபேசி ஓயாது. கனடாவிலிருந்து, சுவிசிலிருந்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து, எல்லாருக்கும் அதே பத்துப் பதினைந்து நாள்தான் வேண்டும். ஒரே நாளில் மத்தியானம் இரண்டு வீட்டுச் சாப்பாடு, இரவுக்கு இன்னொன்று. பிள்ளைகள் வரிசையில் இருந்து தேவாரம் பாடி, செத்தவரின் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் கண்ணை மூடி, பிறகு வடை பாயாசத்தோடு சாப்பிடுவார்கள். மூன்றாம் நாள் சின்னவன் ஒருவன் என் காதுக்குள் வந்து "அண்ணை, இண்டைக்கும் பாயாசமோ" என்று அழுவதுபோலக் கேட்டான். ஜூன் பிறந்தால் சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும். ஒக்டோபரில் ஒரு தொலைபேசியும் வராது.

இதை ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், எந்த நாளுக்கு யார் சாப்பாடு என்று. மே முழுக்கப் பேனை மை. மற்ற மாதங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கும், அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரும், யாரோடு கோபம் என்றுதான் தெரியாது.

சாப்பாடு தருகிறவர்கள் உண்டு, கொப்பி சப்பாத்து தருகிறவர்கள் உண்டு, பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்து தங்கள் பிள்ளையை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. மேற்பார்க்கிற அக்காவின் சம்பளத்துக்கு என்று ஒருவர்கூட வந்ததில்லை. இரவு இரண்டு மணிக்குப் பாயை நனைத்த பிள்ளையைக் கழுவி உடுப்பு மாற்றிப் படுக்க வைக்கிறவர் அவர்தான். அவருக்குச் சம்பளம் இரண்டு மாதம் பிந்தும், அவர் போய்விட்டால் பிள்ளைகள் இன்னொரு முறை ஒரு தாயை இழந்த மாதிரி. கரண்ட் பில்லுக்கும் மலக்குழி அள்ளுகிறதுக்கும் காசு கேட்டால் தொலைபேசியில் ஒரு மௌனம் வரும். அதோடு படம் எடுத்து முகநூலில் போட ஏலாத செலவு பாருங்கோ.

பொறுப்பெடுக்கிற முறை இன்னும் சிக்கல். ஒரு பிள்ளைக்கு நோர்வேயில் ஒரு குடும்பம் கிடைக்கும், சைக்கிள் வரும். பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவனுக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். பொங்கலுக்கு எல்லாரும் கடிதம் எழுத வேண்டும், நான்தான் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், "அன்புள்ள மாமா மாமிக்கு, நான் நலம், நன்றாகப் படிக்கிறேன்." நாற்பது கடிதமும் ஒன்றுபோலப் போகும். ஒருத்தி மட்டும் கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தாள்: "எங்கட அம்மாவுக்கு ஒரு வேலை எடுத்துத் தர ஏலுமோ?" அதை அனுப்புவதா விடுவதா என்று அலுவலகத்தில் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். கடைசியில் அனுப்பவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தும்.

ஏனென்றால் அதுதான் முழு விசயமும். வெளியே இருந்து வருகிறவர்கள் எல்லாரும் அநாதைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள். எங்களிடம் இருந்தவர்களில் தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாதவர்கள் கை விரலுக்குள் அடங்குவார்கள். மற்றவர்களுக்கு அம்மா இருந்தார், அல்லது அம்மம்மா இருந்தார். புருசன் இல்லை அல்லது எங்கே என்று தெரியாது, மீள்குடியேறிய காணியில் தகரக் கொட்டில், கச்சான் பிடுங்கப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும், பள்ளிக்கூடம் தூரம். அப்படியான தாய்மார் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கேற்றடியில் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு பெடியன், ஒன்பது வயது. தாய் மாதத்தில் ஒரு ஞாயிறு வரவேண்டும். மூன்று மாதமாக வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, பஸ் காசு இல்லை. அவன் பெயரில் அந்த மூன்று மாதமும் சப்பாத்து இரண்டு சோடி, பள்ளிப்பை ஒன்று, நிறப்பென்சில் பெட்டி நாலு வந்து சேர்ந்திருந்தன.

தொண்டர்களும் வந்தார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும், பெரும்பாலும் ஜூலை ஓகஸ்ட்டில். நல்ல பிள்ளைகள், உண்மையாகவே நல்ல பிள்ளைகள். இரண்டு கிழமை ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைந்து, போகிற அன்றைக்கு எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். வான் போன பிறகு ஒரு கிழமை எங்கள் இல்லம் செத்தவீடு மாதிரி இருக்கும். அடுத்த வருடம் வேறு அக்கா, வேறு அண்ணா, அதே பாட்டு. மூன்றாம் வருடம் சின்னவர்கள் வந்தவுடனே மடியில் ஏறுவார்கள், பெரியவர்கள் கிட்டவே போகமாட்டார்கள். பார்க்கிறவர்கள் சின்னவர்களைப் பார்த்து "எவ்வளவு பாசம்" என்பார்கள். தெரியாத ஆளின் மடியில் வந்தவுடன் ஏறுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

சரி, கிசுமுவுக்கு வருவோம். விக்டோரியா ஏரிக்கரை நகரம், லுவோ மக்களின் பூமி. கிசுமு, சியாயா, ஹோமா பே என்று அந்த ஏரிக்கரை மாவட்டங்கள்தான் கென்யாவிலேயே எச்.ஐ.வி. மிக அதிகமாகப் பரவிய இடங்கள். மருந்து பரவலாகக் கிடைக்கும் முன்பு ஒரு தலைமுறையே போனது, நடுவில் இருக்கவேண்டிய வயதுக்காரர் இல்லாமல் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக வீடுகள். எங்களுக்கு ஷெல் குண்டு செய்ததை அங்கே நோய் செய்திருக்கிறது. அவர்கள் கிண்டுகிற உகாலி எங்கள் குரக்கன் களிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான், சோள மாவில் செய்வது. கூட வைக்கிற கீரைக்குச் சுவாகிலியில் பெயர் 'சுகுமா விக்கி', கிழமையைத் தள்ளிவிடு என்று அர்த்தமாம். முருங்கையிலைக்கு இப்படி ஒரு பெயர் எங்களுக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

அங்கே இல்லங்களும் எங்கள் பக்கம் மாதிரித்தான் பெருகின. தேவாலயம், வெளிநாட்டுக் காசு, நல்ல மனம். அங்கேயும் இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. 2017இல் புதிய இல்லங்களைப் பதிவதை கென்ய அரசு நிறுத்தியது. 2022இலிருந்து பத்து வருடத் திட்டம் ஒன்று போட்டு, பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்புகிற வேலையில் இறங்கியிருக்கிறது. அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஏழை வீடுகளுக்கு மாதம் 2000 சிலிங் கொடுக்கிற ஒரு திட்டமும் 2004இலிருந்து இருக்கிறது, எங்கள் ஊரில் ஏழைகளுக்கு இருந்த சமுர்த்தி உதவி மாதிரி. றுவாண்டா இன்னும் முன்னுக்குப் போய், 1994 படுகொலைக்குப் பிறகு முளைத்த இல்லங்களை 2012இலிருந்து ஒவ்வொன்றாக மூடி, பிள்ளைகளை உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பங்களிடமோ சேர்க்கத் தொடங்கியது. 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றே இல்லங்களுக்குத் தொண்டுச் சுற்றுலா போவதால் வரும் கேட்டைப் பற்றிப் பேசுகிறது. சில நாடுகளில் உல்லாசப் பயணிகள் வருவதற்காகவே பிள்ளைகளைத் தேடிப்பிடித்து இல்லத்தில் நிரப்புகிறார்கள் என்பதும் வெளியே வந்த கதைதான்.

அடுத்த நாள் எடுத்து இதையெல்லாம் கொட்டினேன். கொஞ்சம் அதிகமாகத்தான் கொட்டிவிட்டேன். அவள் பேசாமல் கேட்டுவிட்டு, "அப்ப 2010இல ஒருத்தரும் வந்திருக்கக் கூடாதா மாமா?" என்றாள்.

லண்டன் பிள்ளை, தமிழ் தடக்கும், ஆனால் கேள்வி தடக்கவில்லை. 2010இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து சனம் வந்து இறங்கியபோது கூரை இல்லை, கிணறு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அந்த நேரம் இல்லங்கள் இல்லாவிட்டால் சில பிள்ளைகள் இன்றைக்கு இருந்திருக்கவே மாட்டார்கள். 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறி, அரிசி விலையும் கூடவே ஏறி, உள்ளூரில் சாப்பாடு தந்தவர்கள் எல்லாரும் கையை விரித்தபோது, வெளிநாட்டுக் காசுதான் அடுப்பை எரித்தது என்று இப்போது அங்கே வேலை செய்கிறவர் சொன்னார். அதை எப்படி இல்லை என்பது? எனக்கு நேரடியாகப் பதில் வரவில்லை. "கூரையைப் போடவேண்டிய நேரம் போடத்தான் வேணும் பிள்ளை, ஆனா தாய் வீட்டுக்கும் ஒரு கூரை வேணுமெண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை" என்று சொன்னேன். அப்போது அது சரியான பதில்போல இருந்தது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

கடைசியில் அந்த இல்லத்துக்கு இரண்டு கேள்வி எழுதச் சொன்னேன். அங்கே இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீட்டில் யாராவது இருக்கிறார்கள்? ஆறு கிழமை நாங்கள் வராமல் அந்தப் பயணக் காசை அனுப்பினால் எதற்குச் செலவழிப்பீர்கள்? பதில் வராவிட்டால், அல்லது "அன்பு காட்ட வாருங்கள்" என்று மட்டும் வந்தால், போகவேண்டாம் என்றேன்.

நேற்று பதில் வந்ததாம். பெரும்பாலானவர்களுக்குப் பாட்டியோ சித்தியோ இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பிச் சேர்க்கிற ஒரு பெண் ஊழியர் இருக்கிறார், அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கத்தான் காசில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் சிறுவர் விசயங்களைப் பார்க்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரும் இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டுப் பேரில் மூன்று பேர் கோபித்துக்கொண்டு வேறு எங்கேயோ போகப் பார்க்கிறார்களாம், படம் எடுக்க ஏலாது என்றதும். இவள் எண்ணெய்க் காசு அனுப்பப்போகிறாள், போகிறதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. போனால் கணக்குப் புத்தகம் எழுதிக் கொடுக்கலாம், மடியில் ஆரும் ஏறாத வேலை.

இவ்வளவும் அவளுக்குச் சொன்ன நான், என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். அப்பாவின் திவசமும் வைகாசியில்தான். நானும் ஒவ்வொரு வருடமும் மே மாதத்துக் கட்டத்தில் ஒன்றைப் பிடிக்கிற ஆள்தான். இந்த முறை இல்லத்துக்கு எடுத்து, மே நிரம்பிவிட்டதா என்று கேட்டேன். "எப்பவோ நிரம்பியிட்டுது தம்பி. ஒக்டோபரில கரண்ட் பில் கட்ட ஆளில்லை" என்றார் அங்கே இருந்தவர். சரி, அதையே கட்டுகிறேன் என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப கரண்ட் பில்லுக்கு முன்னால இருந்து ஆர் தம்பி அப்பான்ர பேரைச் சொல்லித் தேவாரம் பாடுறது?"