கோச்சி நின்ற இடத்தில் ஓர் ஊர்

கண்டியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம், எங்கள் பேச்சில் கோச்சி, நாவலப்பிட்டியை நெருங்கும்போது, வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்துவந்த பயணிகளில் பலர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்துக்காகப் புறப்பட்டு வந்தவர்களுக்கு, எண்ணெய்க் கறை படிந்த பக்கத் தண்டவாளங்களும் துருவேறிய பெட்டிகளும் கூரைத் தகரங்களும் படம் எடுக்கத்தக்கவையாகத் தோன்றுவதில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கும் தகுதியில்லை. தலவாக்கலையிலிருந்து கண்டிக்குப் படிக்கப் போய்வந்த ஆண்டுகளில் அந்த நிலையத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அம்மாவின் தகப்பனார் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் வேலைசெய்தவர் என்பதும், சில காலம் நாவலப்பிட்டி குவாட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தவர் என்பதும் தெரிந்திருந்தும் இறங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், காலையில் இறங்கி மாலைவரை அங்கேயே இருப்பது என்று முடிவுசெய்து போனேன்.

கண்டி மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலி கங்கையின் கரையில், கம்பளையும் உலப்பனையும் கடந்த பின் வருவது நாவலப்பிட்டி. இறங்கியதும் முதலில் மனத்தில் எழும் கேள்வி, இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய நிலையம் எதற்கு என்பதுதான். கடைத்தெருவைக் கால்மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். நிலையமோ, பக்கத் தண்டவாளங்களும் என்ஜின்கள் நிற்கும் லோகோ ஷெட்டும் சரக்குக் கொட்டகையும் ஊழியர் குடியிருப்புமாக நீண்டுகொண்டே போகிறது. ஊருக்காக நிலையம் வரவில்லை, நிலையத்துக்காகவே ஊர் வந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் புகையிரதம் வந்தது. அதைக் கொண்டுவந்தது கோப்பி. கண்டிக்குத் தெற்கே மலைச்சரிவுகளில் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்ட துரைமார், தங்கள் மூட்டைகளை மாட்டுவண்டியில் இறக்குவதில் கழியும் நாட்களையும் செலவையும் சொல்லிப் பாதையை மேலும் நீட்டும்படி அரசை நெருக்கினார்கள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பேராதனையிலிருந்து பிரிந்த பாதை 1873இல் கம்பளையையும் 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. அங்கே நின்றது. அடுத்த பெரிய நிலையமான ஹட்டனுக்கு என்ஜின் போய்ச் சேர்ந்தது 1884இல். இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகள்தான் நாவலப்பிட்டியை உண்டாக்கின என்பது என் எண்ணம். டிக்கோயாவிலிருந்தும் திம்புளையிலிருந்தும் இறங்கிய கோப்பி வண்டிகள் வந்து சேர்ந்த இடமும், தோட்டங்களுக்கான அரிசியும் இயந்திரங்களும் புகையிரதத்திலிருந்து வண்டிக்கு மாறிய இடமும் அதுவே. சரக்கு கைமாறும் இடத்தில் கொட்டகை வேண்டும், கணக்கப்பிள்ளை வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும், வண்டிக்காரனுக்கு இராத்தங்கல் வேண்டும். கடைத்தெரு அப்படித்தான் முளைத்தது.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. கோப்பி இலைகளில் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869இல். அதாவது பாதை நாவலப்பிட்டிக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கோப்பியின் சாவுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. ஹட்டனில் என்ஜின் ஊதியபோது தோட்டங்களில் கோப்பி ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிவைத்த தேயிலை அதற்குள் மலைகளைப் பிடித்திருக்காவிட்டால், அந்தப் பாதை யாருக்காக ஏறியிருக்கும் என்று சொல்லவே முடியாது. கோப்பிக்காகப் புறப்பட்ட கோச்சி தேயிலையை ஏற்றிக்கொண்டு இறங்கியது.

நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, என்ஜினில் கரி தள்ளும் பயர்மேனாக உயர்ந்து ஓய்வுபெற்றவர். நாவலப்பிட்டி ஏறத்தாழ 1,900 அடி உயரத்திலும் ஹட்டன் 4,141 அடி உயரத்திலும் இருக்கின்றன என்பதை நான் ஏதோ ஒரு பலகையில் படித்திருந்தேன். அந்த எண்கள் உடம்பில் எப்படி இறங்கும் என்பதை அவர்தான் விளங்கப்படுத்தினார். நாற்பத்து நான்கு அடி முன்னால் போனால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு அது. அதற்கு மேல் வளைவுகள். அதற்கு மேல் மழை. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் முட்டுகிற மலைப்பக்கம் என்பதால் கலபொட, வட்டவளைப் பகுதிகளில் தண்டவாளம் மாதக்கணக்கில் காய்வதில்லை. நனைந்த இரும்பில் சக்கரம் வழுக்கும். மணல் தூவ வேண்டும். பெட்டிகள் கூடினால் இரண்டாவது என்ஜின் பூட்ட வேண்டும். அந்த என்ஜினும் அதை ஓட்டுபவர்களும் நிலக்கரியும் தண்ணீரும் காத்திருக்கும் இடமாக மலையடிவாரத்து நாவலப்பிட்டி இருந்தது.

இரண்டு என்ஜின்களின் வேலையை ஒன்றே செய்யட்டும் என்று மான்செஸ்டரிலிருந்து கெரட் என்ஜின்கள் வந்தன. 1927இல் ஒன்று, 1945இல் எட்டு. நடுவில் ஒரு கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி, வளைவில் மூன்றாக மடங்கித் திரும்பும் அமைப்பு. “கெரட் கெளம்புதுன்னா தம்பி, மலைக்கு அந்தப் பக்கம் லயத்துல தூங்குற புள்ள எழும்பிரும்” என்றார் பெரியவர். பிறகு 1954 முதல் கனடா நன்கொடையாகக் கொடுத்த டீசல் என்ஜின்கள் வந்தன. ஒன்டாரியோ, அல்பர்ட்டா, சஸ்காச்சுவன் என்று அவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்கள். அவர் அந்தப் பெயர்களைச் சொன்ன விதம், தம் வீட்டு மாடுகளைப் பெயர்சொல்லி அழைப்பது போலவே இருந்தது. அல்பர்ட்டா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “ஷெட்டுலதான்” என்றார்.

அவர் தயவால் நிலையத்தில் டேப்லெட் வளையம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரம்புக்கணைக்கு மேலே ஒற்றைப் பாதைதான். எதிரெதிரே இரண்டு கோச்சிகள் வந்துவிடாதிருக்க, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டுக்கு ஒரு நேரத்தில் ஒரேயொரு உலோக வில்லையைத்தான் அங்குள்ள இயந்திரம் வெளியே விடும்; அந்த வில்லை கையில் இல்லாமல் ஓட்டுநர் நகரக்கூடாது. வில்லையை வைக்கும் தோல் பை, ஓடும் வண்டியிலிருந்தும் கைநீட்டிப் பிடிக்கத் தோதாக ஒரு பெரிய வளையத்தில் கோர்க்கப்பட்டிருந்தது. தோலின் வாய்ப்புறம் கைவியர்வையில் கறுத்துக் கண்ணாடிபோல் மினுங்கியது. வளையம் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

பெரியவரிடம் நான் கேட்கத் தயங்கிய ஒன்றை அவரே பேசினார். 1914இல் தலைமன்னார் வழியாகக் கப்பல் தொடர்பு ஏற்பட்ட பிறகு, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டு வந்த எங்கள் முன்னோரில் பலர் தோட்டங்களுக்கு ஏறியது இந்தப் பாதையில்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவுக்கு மேலும் பத்து ஆண்டுகள் பிடித்தன. இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள் அதே பாதையில், தகரப் பெட்டிகளோடு இறங்கிப் போனார்கள். வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னலில் பிடித்த கையை விடமாட்டார்களாம். கார்ட் கொடி காட்டிய பிறகும் என்ஜின் சற்று நேரம் நிற்குமாம். நேரம் பிந்தியதற்கு என்ன காரணம் எழுதுவீர்கள் என்று கேட்டேன். “தண்ணி புடிச்சோம்னு எழுதுவோம்” என்றார்.

இன்று சரக்குக் கொட்டகையில் சரக்கு இல்லை. தேயிலை லொறியில் போகிறது. உரமும் மாவும் லொறியில் வருகின்றன. ஆனாலும் ஊர் வெறிச்சோடிவிடவில்லை. அன்று சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு. கொத்மலைப் பக்கத்திலிருந்தும் தொலஸ்பாகைப் பக்கத்திலிருந்தும் வந்த பஸ்கள் ஆட்களைக் கொட்டிக்கொண்டிருக்க, நகை அடகுக் கடையிலும் கருவாட்டுக் கடையிலும் நிற்க இடமில்லை. மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் விற்கும் இரும்புக் கடையின் வாசலில், கதிரேசன் கல்லூரிச் சீருடைக்குத் துணி வாங்கிய பையோடு ஒரு தாய் கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் குவாட்டர்ஸ் வரிசைக்குப் போனேன். தாத்தா இருந்த வீட்டின் இலக்கம் தெரியாது. சுண்ணாம்பு உதிர்ந்த வீடுகளில் ஒன்றின் முன்னால், பழைய சிலிப்பர் கட்டை ஒன்றை இரண்டு கற்களின்மேல் கிடத்தி உட்காரும் திண்ணையாக்கியிருந்தார்கள். தண்டவாளம் பூட்டியிருந்த ஆணித் துளைகளில் யாரோ பிள்ளைகள் பூச்செடிக் குச்சிகளைச் செருகியிருந்தார்கள். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஹட்டன் வண்டியில் ஏறிய பிறகு அவருடைய அழைப்பு வந்தது.

“எங்க வீட்டு வாசல்லயும் அப்படி ஒன்னு கெடந்துச்சு. வெயில் ஏறுனா கீல் எண்ணெய் மணக்கும். இதுவும் மணந்துச்சா?”

நான் குனிந்து பார்க்கவில்லை. வண்டி அதற்குள் இங்குருஓயாவைக் கடந்துவிட்டிருந்தது.