இன்னும் அழுத்துங்கள்

குடிநுழைவு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவரின் விரல்ரேகை கருவியில் பதியவே இல்லை. துடைத்தார், ஊதினார், மறுபடியும் வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"இன்னும் அழுத்துங்கள்" என்றார் அதிகாரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வயதால் வறண்ட தோலிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களிலும் ரேகை எளிதில் பிடிபடாது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தியல்ல. பிறகும் அவரை ஓரமாக நிற்க வைத்து, விசா விண்ணப்பத்திலேயே கேட்டு முடித்த கேள்விகளை, எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று முதலிலிருந்து தொடங்கினார்கள்.

முதல் உலகப்போர்க் காலக் கெடுபிடியாக இறுகிய இந்தக் கடவுச்சீட்டு ஏற்பாட்டுக்கு, 1920-இல் பாரிசில் கூடிய, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்தின் மாநாடு பொது வடிவம் வகுத்தபோது, கட்டுப்பாடுகள் படிப்படியாக நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் உடன் இருந்தது. (நீங்கியது நம்பிக்கைதான்.)

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், மின் கடவுச்சீட்டின் சில்லிலேயே (சிப்) முகப்படம் இருக்கும்போது, அதை எதிரில் நிற்பவரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மேலதிகாரி வரும்வரை ஒரு முதியவரைக் கால்கடுக்க நிறுத்துவதால் எந்த நாட்டின் எல்லை பலப்படுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.