ஒன்பதாவது இடம்

ஆகஸ்ட் 19, 2023. சனி

ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்டில் ஒன்பதாவது இடம் கிடைத்திருக்கிறது. என்.எஃப்.எல் என்கிற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் வீரர்களை முறைவைத்து ஆளுக்கு ஆள் பிரித்தெடுப்போம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்து எங்களுக்குப் பாயிண்ட். 12 பேர், பாம்பு வரிசை, ஒரு ரவுண்டு முடிந்தால் அடுத்தது கடைசி ஆளிலிருந்து திரும்பி வரும். எனக்கு 9, அப்புறம் 16, 33, 40, 57, 64 என்று வளைந்து வளைந்து கடைசியில் 177. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே உள்ள வெள்ளைப் பலகையில் நர்ஸ் "31 வாரம் 0 நாள்" என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஒரு ஆளை எடுக்க 8 மணி நேரம் கெடு. மற்ற வருஷம் இந்த ஆமை டிராஃப்ட் எரிச்சல் மூட்டும். இந்தத் தடவை எவ்வளவு இழுத்தாலும் சரிதான்.

ஆகஸ்ட் 20. ஞாயிறு

டாலஸ்காரர்களோடு லீக் ஆடுவதில் ஒரு லாபம் உண்டு. அவர்கள் ஊர் டீம் கௌபாய்ஸின் ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார்கள். சீடி லாம்ப் ஆறாவதாகப் போனான், டோனி பொலார்ட் எட்டாவதாக. அதனால் நிக் சப் என் மடியில் வந்து விழுந்தான். போன வருஷம் 1,525 யார்ட் ஓடியவன்.

16-இல் அமோன்-ரா செயின்ட் பிரவுன். எங்கள் லீக்கில் கேட்சுக்கு ஒரு பாயிண்ட். போன வருஷம் 106 கேட்ச் பிடித்தவனை இதற்குமேல் கீழே விடுவது பாவம்.

இவர் ரசம் கொண்டுவந்தார். உப்பே இல்லை. உப்பில்லாத ரசத்தைவிடச் சுடுதண்ணீர் குடிக்கலாம்.

ஆகஸ்ட் 21

இடுப்பில் இரண்டாவது ஊசி. குழந்தையின் நுரையீரலுக்காம். பிரஷர் 154/98. பத்து நிமிஷம் கழித்து 146/92.

ஆகஸ்ட் 22

33 வந்தபோது ஜோனதன் டெய்லர் இன்னும் மிச்சம் இருந்தான். 2021-இல் 1,811 யார்ட், என்.எஃப்.எல்லிலேயே முதலிடம். இரண்டு வருஷம் முன்னால் இப்படி ஒருவன் மூன்றாவது ரவுண்டில் கிடைப்பான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது கணுக்கால் சரியில்லை, அவன் டீம் கோல்ட்ஸ் நிர்வாகத்தோடு சண்டை, வேறு டீமுக்கு அனுப்பு என்கிறான். ஆறு மணி நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கால்வின் ரிட்லியை எடுத்தேன். அவனும் பந்தயம் கட்டியதற்காகப் போன வருஷம் முழுக்கத் தடையில் இருந்தவன். ஆனால் உடம்பில் கோளாறு இல்லை. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 24

40-இல் கீனன் ஆலன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

57-தான் தூக்கத்தைக் கெடுத்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் இடத்தில் சப் ஒருவன்தான் இருக்கிறான். ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரை இறக்க வேண்டும். 12 டீமுக்கு 24 பேர், ரன்னிங் பேக்கோ ரிசீவரோ யாரையும் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்துக்கு என்று இன்னும் சிலர். மொத்தம் 32 அணிகள்தான் இருக்கின்றன, அதிலும் பாதி இடத்தில் ஒரே வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். ஆக முழுச் சுமையைத் தூக்குகிறவன் என்று பதினைந்து பேர் தேறினால் அதிகம். பந்தைப் பிடிக்கிற ரிசீவர் எப்படியும் கிடைப்பான், பத்தாவது ரவுண்டில்கூடக் கிடைப்பான். ரன்னிங் பேக் அரிசி மாதிரி. டப்பா காலியானபிறகு கடைக்கு ஓடினால் கடையிலும் இருக்காது.

டாபின்ஸ் இருந்தான். 2020-இல் வந்த வருஷமே ஓட்டத்துக்கு 6 யார்ட். 2021 ஆகஸ்டில் ஒன்றுக்கும் உதவாத பயிற்சி ஆட்டத்தில் முட்டி போய், அந்த வருஷம் முழுக்கப் போயிற்று. போன வருஷமும் நடுவில் முட்டிக்கு இன்னொரு அறுவை, எட்டு ஆட்டம்தான். ஆனால் அந்த எட்டிலும் ஓட்டத்துக்கு 5.7. உடைந்தவன், ஆனால் வேகம் குறையாதவன். ஏற்கெனவே உடைந்த இடம் பலமாகும் என்று எலும்பைப் பற்றித்தான் சொல்வார்கள், முட்டியைப் பற்றி யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் பட்டை கட்ட வந்தாள், ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று நீலம். அந்தப் பக்கம் குதிரை ஓடுகிற மாதிரி இதயச் சத்தம். இந்தப் பக்கம் நான் டாபின்ஸ் பெயரை அழுத்தினேன்.

ஆகஸ்ட் 25

அம்மா போன். "ஏட்டி, டிக்கெட்டை முன்னாடி மாத்திரட்டுமா?" அக்டோபர் 12-க்குப் போட்டது. அவள் வந்துவிட்டால் அப்பாவை யார் பார்ப்பது, சர்க்கரை மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது. அக்கா கோவில்பட்டியிலிருந்து வருவாளாம். அவள் வந்தால் அவள் பிள்ளைகளுக்கு யார்?

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

64: ட்ரெவர் லாரன்ஸ்.

ஆகஸ்ட் 27

81-இல் ஜேம்ஸ் குக். மூன்றாவது ரன்னிங் பேக். கொஞ்சம் மூச்சு வந்தது.

வந்த மூச்சு ஒரு மணி நேரம்தான். சாப்பாட்டு மெனுவின் பின்பக்கம் பை வீக்கை, அதாவது ஒவ்வொரு அணிக்கும் ஆட்டமில்லாத வாரத்தை, வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஐந்தாவது வாரம் சப்பும் ஆலனும் லீவு. ஒன்பதாவது வாரம் செயின்ட் பிரவுன், ரிட்லி, லாரன்ஸ் மூன்று பேரும். பதிமூன்றாவது வாரம் டாபின்ஸ், குக். இதை எடுக்கும்போதே பார்க்க மாட்டாயா என்று கேட்கிறவர்கள் வந்து இந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கட்டும்.

ஒன்பதாவது வாரம் என்றால் நவம்பர் 5. அன்றைக்கு டீமில் யார் இருப்பார்கள் என்றுதான் கணக்குப் போட வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 29

டெய்லர் முதல் நான்கு ஆட்டத்துக்கு இல்லை! ஆட முடியாதவர்கள் பட்டியலில் போட்டுவிட்டார்கள். அவனை எடுத்தவர் எங்கள் மேனேஜர். குழுவில் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கைகூப்பு மட்டும் போட்டேன்.

24 மணி நேரச் சிறுநீரை ஒரு ஆரஞ்சுக் குடத்தில் பிடித்து ஐஸ் வாளியில் வைத்திருக்கிறார்கள். என் வீட்டு ஃப்ரிட்ஜைவிட அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 30

புரதம் கூடியிருக்கிறது. எவ்வளவு என்று எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 1

136: ஜெரோம் ஃபோர்டு. சப்புக்குக் கீழே இருப்பவன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே டீம்தானே? சப் ஆடினா இவன் சும்மாதானே உட்கார்ந்திருப்பான்?" என்றார். ஆமாம், சும்மாதான் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருக்கத்தான் எடுத்தேன். சப் விழுந்தால் அந்த வேலை முழுக்க இவனுக்கு வரும். விழாவிட்டால் வருஷம் பூராவும் ஒரு இடம் வீண். அதைத்தான் ஹேண்ட்கஃப் என்கிறார்கள். "இவனுக்கே தொடையில பிடிப்புன்னு போட்டிருக்கே" என்றார். அதுவும் சரிதான். மாற்று ஆளுக்கும் தொடைப் பிடிப்பு.

அம்மா டிக்கெட்டை மாற்றிவிட்டாள், என்னிடம் கேட்காமலே. திருவனந்தபுரத்திலிருந்து 13-ஆம் தேதி. அப்பாவுக்கு எதிர்வீட்டு அத்தை சாப்பாடு கொடுப்பார்களாம்.

செப்டம்பர் 3

158/100. தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கக் கேட்க மங்குகிற மாதிரிதான் இருக்கிறது.

செப்டம்பர் 5

முடிந்தது. 177.

இரண்டு பெயர்கள் மனதில் இருந்தன. ராம்ஸ் டீமில் கூப்பர் கப் என்கிற ரிசீவரின் தொடை மறுபடி மக்கர் பண்ணுகிறது, அங்கே பூகா நகுவா என்று ஒரு புதுப்பையன். ஏப்ரலில் நடந்த நிஜ என்.எஃப்.எல் டிராஃப்டில் ஐந்தாவது ரவுண்டு, 177-ஆவது ஆள். என் தேர்வும் 177. இப்படி எண் பொருத்தம் பார்த்துத்தான் எங்கள் தாத்தா லாட்டரிச் சீட்டு வாங்கி வாங்கிக் குவித்தார். ஆனால் என்னிடம் பந்தை உதைக்கிற கிக்கர் இல்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டு வேறு ஆளை எடுக்க ஆப் விடாது. பிராண்டன் ஆப்ரியை எடுத்தேன். கௌபாய்ஸ் ஆளை எடுக்க மாட்டேன் என்று 14 ரவுண்டு வீறாப்பாக இருந்தவள்! ஆப்ரி முதலில் சாக்கர் ஆடியவன், நடுவில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்த்தவன். இவருக்கு என் டீமில் பிடித்த ஒரே ஆள். "நம்ம ஆளு" என்கிறார்.

ஆப் மதிப்பெண் போட்டுவிட்டது: சி பிளஸ், எட்டாவது இடம். "பெஞ்சில் ஆழம் போதாது" என்று ஒரு வரி. எனக்குத் தெரியாதா.

செப்டம்பர் 7

செயின்ட் பிரவுனின் லயன்ஸ் 21, சீஃப்ஸ் 20. சீஃப்ஸின் கெல்சி முட்டி வலியால் ஆடவில்லை. செயின்ட் பிரவுன் 6 கேட்ச், 71 யார்ட், ஒரு டச்டவுன். டச்டவுனுக்கு நான் போட்ட சத்தத்தில் இரண்டு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். பிரஷர் 161. சிரிக்கக்கூடாது என்று இவர் மிரட்டுகிறார்.

செப்டம்பர் 9

பலகையில் 34 வாரம் 0 நாள்.

சாயங்காலம் பிரசவ வலிக்கு மருந்து ஆரம்பிக்கிறார்கள். அம்மா 14-ஆம் தேதிதான் இறங்குவாள். குழந்தைப் பிரிவு மூன்றாவது மாடியில், இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறது என்றால், "லைட் கம்மியா இருக்கு" என்கிறார். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை மனுஷனுக்கு.

சப், டாபின்ஸ், ஃப்ளெக்ஸில் ஆலன். குக் பெஞ்சில். இறக்கிவிட்டேன். இனி மாற்றுவதாக இல்லை.

செப்டம்பர் 10. ஞாயிறு

வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏறுகிறது. உடம்பு அடுப்பு மாதிரி. கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது.

டாபின்ஸ் 8 ஓட்டம், 22 யார்ட், ஒரு டச்டவுன். அப்புறம் விழுந்தான். முட்டி இல்லை, குதிகால். இந்த வருஷம் அவ்வளவுதான் என்கிறார்கள்.

இவர் போனைக் கேட்கிறார். ராம்ஸ் ஆட்டம் 3:25-க்கு.