கவின் கலைக் கல்லூரியில் கலை வரலாற்றுத் தாளை எப்படிப் படிப்பது?

பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் படிப்பு) சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, பிராக்டிகல் எப்படியாவது பண்ணிடலாம், தியரிக்கு யாரோட நோட்ஸ் படிக்கிறது?" நோட்ஸ் வேண்டியதுதான். ஆனால் வரலாற்றுத் தாளில் எனக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் என் ஸ்கெட்ச் புக்தான். வரைந்து பார்த்தது மறக்கவில்லை, வாசித்தது மட்டும் மறந்துபோனது.

நான் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில், வண்ணக்கலை. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய இடம் அது. பாடத்தில் வரும் சிற்பி ராய் சௌத்ரியும் ஓவியர் பணிக்கரும் அங்கேயே முதல்வர்களாக இருந்தவர்கள். இதைவிடப் பெரிய வசதி, எழும்பூர் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருப்பது. அவுட்டோர் ஸ்கெட்ச்சிங் என்றால் எல்லோரும் ரயில் நிலையத்துக்குத்தான் ஓடுவார்கள். அதில் பாதி நேரத்தையாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.

அங்கே, ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த கற்சிற்பங்கள் இருக்கும் அமராவதிக் கூடத்தில் புத்தர் நளகிரி யானையை அடக்கும் வட்டப் பலகை இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு முறை வரும், ஒரு முறை வெறிபிடித்து, ஒரு முறை மண்டியிட்டு. ஒரே சட்டகத்தில் கதை நகர்வதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பத்தி படித்தால் தூக்கம் வரும். பென்சிலால் வரையும்போது, இத்தனை கூட்டத்தில் அந்த யானைக்குச் சிற்பி எப்படி இடம் ஒதுக்கினான் என்று கை தேடும். அந்தத் தேடலை அப்படியே எழுதினால் அதுதான் விடை.

வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியை விடாதீர்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் அம்மைக்கு ஒன்றே ஒன்று. எண்ணிக்கையில் சமமில்லாத இந்த உருவம் சாயாமல் நிற்பது எப்படி? முதலில் தலையிலிருந்து பாதம் வரை நடுக்கோட்டைப் போடுங்கள், பிறகு இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். திரிபங்கம் (உடல் மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் நிலை) என்றால் என்ன என்று அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லைஃப் ஸ்டடி வகுப்பில் மாடல் ஒரு காலில் எடை போட்டு நிற்கும்போதும் இதே கோடுதான் உதவும்.

சுவரோவியப் பகுதிக்கு ஒரு வேலை செய்யுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்த ஃப்ரெஸ்கோ என்றார். அஜந்தா அப்படியல்ல, அங்கே காய்ந்த பூச்சின் மேல் பசை கலந்த வண்ணம். இந்த வேறுபாடு கேள்வியாக வரும். மனப்பாடம் செய்வதற்குப் பதில் ஒரு கூரை ஓடு எடுத்து நன்றாக நனைத்து, ஊறவைத்த சுண்ணாம்பும் சலித்த மணலும் குழைத்துப் பூசி, ஈரம் போவதற்குள் காவியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு தோலைப் பதம் பார்த்துவிடும்.) காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பு கல்லாக இறுகும்போது நிறம் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அதனால் பசை வேண்டாம். பிரஷ்யன் நீலத்தைப் போட்டால் சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுப்போகும். ஃப்ரெஸ்கோ சுவர்களில் காவி, மஞ்சள் காவி, பச்சை மண் என்று மண் நிறங்களாகவே இருப்பதற்கு ஒரு காரணம் அப்போது புரியும். எங்கள் பேட்ச்சில் இதைச் செய்தவர்களுக்குத் தேர்வில் அந்தக் கேள்வி அல்வா சாப்பிட்ட மாதிரி.

மேற்கத்தியக் கலை பலருக்கும் 'இசம்'களின், அதாவது கலை இயக்கங்களின், பட்டியலாகவே நின்றுவிடுகிறது. அதையும் பொருளோடு சேர்த்துப் படிக்கலாம். ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் 1841இல் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் வண்ணத்தைக் காயாமல் வெளியே எடுத்துப்போவது சுலபமானது. 1874இல் பாரிஸில், அப்படி வெளியே போய் வெளிச்சத்தைப் பார்த்து வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட்டுகளின் முதல் கண்காட்சி. இரண்டு ஆண்டுகளும் இப்படிச் சேர்ந்தே நினைவில் நிற்கும். டியூப் மட்டும்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், அது மிகை.

விடை எழுதும்போது பக்கத்தில் சின்னக் கோட்டோவியம் ஒன்று போடுங்கள். ஷேடிங் வேண்டாம், அதற்கு நேரம் இல்லை. நடுக்கோடும் முக்கிய வடிவங்களும் போதும். ஒப்பிடச் சொன்னால் இரண்டு கலைஞர்களின் வாழ்க்கையையும் எழுதி நிரப்பாமல், படத்தில் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்குங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். பென்சில் மட்டும் எடுத்துப்போவது நல்லது, சார்கோல் தூள் தரையில் கொட்டினால் காவலர் முறைப்பார். தஞ்சையில் சோழர் ஓவியம் இருக்கும் உள்சுற்றுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, நகல்களைப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். பழைய ஓவியத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போங்கள். தலையைத் தூக்கினால் கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை எல்லாம் இருக்கும். கழுத்து வலிக்கும், நடுநடுவே உட்கார்ந்து வரையுங்கள்.