தம்பியின் ஓமன் பயணமும் குடிபெயர்வு அனுமதியும்

பத்தாம் வகுப்புத் தேறாத என் தம்பிக்கு மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலை கிடைத்தபோது, விசா வந்ததும் விமானம் ஏறிவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். அவனுடைய பாஸ்போர்ட்டில் இருந்த இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பை அதுவரை நாங்கள் பொருட்படுத்தியதில்லை. வளைகுடாவின் ஆறு நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும், இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்போர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தின் கீழுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற்றாக வேண்டும்.

“அதெல்லாம் எதுக்குண்ணே, விசிட் விசால ஏத்திவிடுறேன், அங்க போய் மாத்திக்கலாம்” என்றார் முதலில் அணுகிய ஏஜென்ட். அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்றோர் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. உரிமமுள்ள வேறொருவரிடம் போனோம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. முதலாமவர் கேட்டதோ அதைப் போல மூன்று மடங்கு.

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. வேலை ஒப்பந்தத்தில் சம்பளமும் தங்குமிடமும் தெளிவாக இருந்தன. ‘உணவு’ என்ற வரிக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. சோறு முதலாளி பொறுப்பா, தொழிலாளி பொறுப்பா என்று எழுதி, முதலாளி மீண்டும் கையெழுத்திட்டு அனுப்பும்வரை பதினொரு நாள் போயிற்று. அத்தனை நாளும் நான் அந்த அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. தொழிலாளர் தொடர்பாக இந்தியாவும் ஓமனும் 2008இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டதைப் பிறகுதான் அறிந்தேன். வளைகுடா உறவு என்றாலே எண்ணெயும் பிரதமர் பயணமும் என்று நினைத்துப் பழகிய எனக்கு, அது ஒரு கம்பி கட்டுபவரின் சாப்பாட்டு வரிவரை இறங்கி வருவது புதிதாக இருந்தது.

எஞ்சியவை விரைவாக முடிந்தன. பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டாண்டுத் தவணையாக 275 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம். ஒருநாள் பயிற்சி வகுப்பில் மஸ்கட் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிப் பர்சுக்குள் வைக்கச் சொன்னார்கள்.

ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைத் தம்பி செல்பேசியில் படமெடுத்து வைத்திருந்தான். இரண்டாம் மாதமே உணவுப்படி விடுபட்டபோது மேற்பார்வையாளரிடம் அதைத்தான் காட்டியிருக்கிறான். அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.